புளி போட்டுத் துலக்கிய பந்தயக் கார்

பந்தயக் காரை நான் கண்ணால் பார்த்ததே கிடையாது. ஆனாலும் பச்சை இங்கிலாந்து, சிவப்பு இத்தாலி, நீலம் பிரான்ஸ், வெள்ளை ஜெர்மனி என்று எந்த நாட்டுக் காருக்கு எந்த நிறம் என்பதைத் தென்காசியில் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டே ஒப்பிப்பேன். தெருவில் மற்ற பெண்கள் வெண்கலப் பாத்திரம் சேர்த்தார்கள். நான் கார் சேர்த்தேன்.

என் கணவருக்குக் கொழும்பில் வேலை. பேனாவும் விளையாட்டுச் சாமானும் விற்கிற கடை. வருஷத்துக்கு ஒருமுறை, ஆவணியில், தலைமன்னாரில் கப்பலேறி தனுஷ்கோடியில் இறங்கி ரயில் பிடித்து வருவார். நவராத்திரி முடிந்ததும் போய்விடுவார். கல்யாணமான மறுவருஷம் எனக்குச் சேலையும் வாசனைச் சோப்பும் கொண்டுவந்தார். அவற்றுக்கு அடியில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி இருந்தது. திறந்தால், உள்ளங்கையில் அடங்குகிற பச்சைக் கார்.

எனக்கு மூச்சே நின்றுவிட்டது. கூரை இல்லாத வண்டி. புளியங்கொட்டை அளவு தலையோடு ஓட்டுகிறவன் உள்ளே குனிந்து உட்கார்ந்திருந்தான். சக்கரத்தின் கம்பிகள் கூடத் தெரிந்தன. எங்கோ ஒருவன் உயிரைக் கொடுத்து இந்த வண்டியை ஓட்டுகிறான். இன்னொருவன் அதை ஒரு வரி விடாமல் இத்தனூண்டு அச்சில் வார்த்து, நம்பர் ஒட்டி அனுப்பியிருக்கிறான். மனிதக் கைக்கு இது முடியுமா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சேலையை மறுநாள்தான் பிரித்தேன்.

அந்தக் கூத்தை அவர் பார்த்ததிலிருந்து வருஷத்துக்கு ஒரு கார் தவறாமல் வந்தது. தனுஷ்கோடிச் சுங்கத்தில் ஒரு அதிகாரி மேசைமேல் உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தருவாராம். ஒரு தடவை குற்றாலத்தில் பேரருவிக்குக் கீழே, பெண்கள் பக்கம் குளித்துவிட்டு ஈரச்சேலையோடு வந்து நின்றேன். "இந்தச் சத்தத்தைக் கேளு. பத்துப் பந்தயக் காரு ஒண்ணா கெளம்புனா இப்படித்தான் இருக்குமாம்" என்றார் அவர். உடம்பெல்லாம் சிலிர்த்தது. சாரலுக்கு வந்தவர்களின் பெரிய பெரிய கார்கள் வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்றைக்கூட நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. நவராத்திரிக் கொலுவில் அடிப்படியில் பூங்கா அமைப்போம். அதைச் சுற்றிக் கார்களை ஓடவிட்ட மாதிரி வைக்க வேண்டும்; சுண்டல் வாங்க வருகிற தெருவே அதைப் பார்க்க வேண்டும். என் மாமியார் அசையவில்லை.

"மண்ணுலயோ மரத்துலயோ செஞ்சதுதான் படியில ஏறும். இந்தத் தகரத்தையெல்லாம் ஏத்தினா ஊரு சிரிக்கும்" என்பார். மகன் சொல்லியும் கேட்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் கேட்பேன், ஒவ்வொரு வருஷமும் இதே பதில். நானும் விடுவதாக இல்லை.

சேகரிப்பில் ஜெர்மனி மட்டும் இல்லாமலே இருந்தது. வெள்ளைக் கார் கடைக்கு வந்த வேகத்தில் விற்றுப்போய்விடுமாம். பல வருஷம் ஏமாந்து, கடைசியில் முதலாளியிடம் சொல்லிவைத்து ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். மற்றவை எல்லாம் அதற்கு முன்னால் வெறும் வண்டிகள். முன்பக்கம் மூடின உடம்பு, பால் நிறம், நெற்றியில் சிவப்பு நம்பர். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் கும்பிடத் தோன்றும்.

அந்த வருஷம் கொலுவுக்கு முந்தின நாள். அதற்கு இரண்டு நாள் முன்புதான் வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தோம். கணவர் இலஞ்சிக்கு வாழைத்தார் வாங்கப் போயிருந்தார். நான் கடைத்தெருவில் மாவிலையும் பூவும் வாங்கிக்கொண்டு வந்து கொல்லைப்புறம் போனேன். கிணற்றடியில் குத்துவிளக்கும் செம்பும் தாம்பாளமும் துலக்கிக் கவிழ்த்து வெயிலில் காய வைத்திருந்தது. அவற்றுக்கு நடுவே என் வெள்ளைக் காரும் கவிழ்ந்து கிடந்தது.

வெள்ளையாக இல்லை. ஈயம் மாதிரி வெறும் உலோகம். நம்பரும் போயிருந்தது. பக்கத்தில் புளிக்கரைசல், செங்கல்பொடி, தேங்காய்நார்.

"ஏட்டி, வந்துட்டியா?" என்றார் மாமியார், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி. "வெள்ளையடிக்க வந்தவன் சுண்ணாம்ப உன் காரு மேல சிந்திட்டுப் போயிருக்கான் பாரு. ஒரே அப்பு. லேசுல போவேனாங்குது. புளியப் போட்டு, செங்கப்பொடியப் போட்டு, கை அத்துப்போச்சு. நீயும் வருஷா வருஷம் கேட்டுக்கிட்டே கெடக்கே. நாளைக்குப் படியில வைக்கதுன்னா துலக்காமலா வைக்க முடியும்?"

காரின் வெள்ளைப் பெயின்டையே சுண்ணாம்பு என்று நினைத்திருக்கிறார். ஆனால், படியில் வைக்கிறது. அத்தனை வருஷம் நான் கெஞ்சிய வார்த்தை அது. அவர் வாயிலிருந்து தானாக வந்திருக்கிறது, காரின் தோலை உரித்த கையோடு. எனக்குக் கத்தவும் முடியவில்லை, சந்தோஷப்படவும் முடியவில்லை. "சரி அத்தை" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன். ஆத்திரமான ஆத்திரம்.

சாயங்காலம் வாழைத்தாரோடு வந்தவரிடம் காரை நீட்டினேன். அவர் கட்டைவிரலால் அதன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். கோபப்படப் போகிறார், அம்மாவும் பிள்ளையும் முகம் திருப்பிக்கொள்ளப் போகிறார்கள், என் கார்களுக்கு இந்த வீட்டில் இனி இடமில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவரோ சிரிக்க ஆரம்பித்தார். அடக்க முடியாத சிரிப்பு.

"ஏன்யா சிரிக்கே?" என்றார் மாமியார்.

"எம்மா, கடைக்கு வார வெள்ளக்காரர் ஒருத்தர் சொன்ன கதை. ஜெர்மனிக்காரனுவ காரு மொதல்ல வெள்ளையாத்தான் இருந்துதாம். ஒரு பந்தயத்துக்கு முந்தின நாளு நிறுத்துப் பாத்தா, எடை சட்டத்துக்கு மேல ஒரு துளி கூடிப்போச்சு. எதையும் கழட்ட முடியாது. ராத்திரியோட ராத்திரியா வெள்ளைப் பெயின்டப் பூரா சொரண்டி எடுத்துட்டானுவ. மறுநாள் வெறும் தகடாவே ஓடி ஜெயிச்சுதாம். அதுலருந்து அவனுவ காரு வெள்ளிதான்."

நிஜமோ கதையோ, எனக்குத் தெரியாது. ஆனால் காரை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். பெயின்டுக்குள் மூழ்கிக் கிடந்த ஆணிப்புள்ளிகளும் காற்றுப்போகும் கீற்றுகளும் இப்போது ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வார்த்தவன் கை முழுசாகத் தெரிந்தது. ஜெர்மனியில் ஒரு பட்டறையில் நடந்தது எங்கள் கிணற்றடியிலும் நடந்திருக்கிறது. அழுத கண்ணோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

மாமியார் காரைக் கையில் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "அவனுவ எதப் போட்டுச் சொரண்டினானுவளாம்? புளியா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் அவரே அதைப் படியில் வைத்தார். அடிப்படியில் இல்லை, அதற்கு மேல்படியில், மரப்பாச்சிக்குப் பக்கத்தில். பச்சையும் சிவப்பும் நீலமும் கீழே பூங்காவைச் சுற்றின. தெருப்பெண்கள் சுண்டலை மறந்து குனிந்து பார்த்தார்கள். ஒருத்தி, "இது மட்டும் ஏன் ஆச்சி நெறமே இல்லாம இருக்கு?" என்று கேட்டாள்.

"அது ஜெர்மனிக் காரு" என்றார் மாமியார். "அதச் சொரண்ட அவனுவளுக்கு ஒரு ராத்திரி பூராவும் ஆச்சாம். நான் உலை கொதிக்குறதுக்குள்ள முடிச்சிட்டேன்."