மகளுக்கு நம்பர் இல்லாத கல்யாணக் கம்பெனி

போன வாரம் எங்கள் சென்னை ஆபீசில், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி வெள்ளைப் பலகையில் இரட்டைக் கோடு போட்டு ஒரு பெட்டி வரைந்தாள். மார்க்கர் பேனாவின் காரமான வாடை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், தன் படத்தில்தான் ஏதோ தப்பு என்று நினைத்து அழித்துவிட்டாள்.

வாடை என்றால் எனக்குத் தஞ்சாவூர் கீழவாசல்தான். அங்கே ஓர் உரக்கடை மாடியில் என் முதல் வேலை. கீழே யூரியாவும் பூச்சிமருந்தும். மேலே கல்யாணத் தகவல் மையம். குறுவைக்கு உரம் வாங்க வந்தவர்கள் அப்படியே படியேறி மகளையும் பதிந்துவிட்டுப் போவார்கள். எங்கள் மையத்து ஜாதகங்களைப் பிரித்தாலே மருந்து நெடி அடிக்கும்.

முதலாளி கோவிந்தராஜ் சார் சென்னைக்குப் போய் டேட்டாபேஸ் வடிவமைப்பில் ஒரு பயிற்சி முடித்து வந்தார். சான்றிதழில் 'அட்வான்ஸ்டு' என்று போட்டிருந்தது. அதன்பிறகு அவரிடம் லீவு கேட்டால்கூடப் படம் போட்டுத்தான் மறுப்பார். பலகையின் உச்சியில் 'நபர்' என்று ஒரு பெட்டி. அதற்குக் கீழே 'வரன்', 'பெற்றோர்' என்று இரண்டு கிளை. நடுவே ஒரு வட்டம், அதற்குள் ஆங்கில 'டி'. ஒருவர் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கலாம், இரண்டுமாக இருக்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம். மாப்பிள்ளைக்குச் சொந்தமாகப் பதிவு நம்பர் உண்டு. பெண்ணுக்குக் கிடையாது. அவள் இரட்டைக் கோட்டுப் பெட்டி, 'வீக் என்டிட்டி'. அப்பாவின் நம்பரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். அப்பாவை அழித்தால் அவளும் சேர்ந்து அழிந்துவிடுவாள்.

புரோகிராம் எழுதுகிற பர்வீன், நாகூர்க்காரி, கையைத் தூக்கினாள்.

"சார், எங்க வாப்பா மவுத்தாயிட்டாங்க. அப்ப நான் இருக்கேனா, இல்லையா?"

"அண்ணன் இருக்கான்ல? அவன் நம்பரப் போட்டுக்க."

ஆறே மாதத்தில் பாபநாசம் பக்கத்திலிருந்து மரகதம் டீச்சர் வந்தார். கணவர் இல்லை. கூடவே வேலைக்குப் போகும் மகள். அம்மாவைப் பெற்றோராகப் போட்டு, அதன் கீழே மகளைப் பதிந்தேன். முடித்ததும் டீச்சர் சொன்னார்: "எனக்கும் ஒண்ணு போடுங்க தம்பி."

"ரசீதா டீச்சர்?"

"இல்ல. வரன்."

மகள் சிரித்தபடி அம்மாவின் தோளில் கை வைத்தாள். நான் அசட்டுத்தனமாக டீச்சர் பெயரை வரன் என்று கணினியில் தட்டினேன். திரையில் சிவப்பு எழுத்து: 'இந்த நபர் ஏற்கெனவே பெற்றோர்.' கணினி கத்திய சத்தம் கேட்டு சார் உள்ளேயிருந்து வந்தார்.

"இது குடும்பங்களுக்கான நிறுவனம்ங்க."

"நான் மட்டும் என்ன லாட்ஜுலயா குடியிருக்கேன்?" என்றார் டீச்சர்.

"மொதல்ல பொண்ணு கல்யாணம் முடியட்டுமே?"

"எனக்கு அவசரமில்ல சார். அம்மாவுக்குப் பாருங்க" என்றாள் மகள்.

பர்வீன் எழுந்தாள். "சார், அந்த வட்டத்துல ஒரு எழுத்து மாத்துனா போதும். 'டி'ய எடுத்துட்டு 'ஓ' போட்டா ஒருத்தரே ரெண்டாவும் இருக்கலாம்."

"சமுதாயம் ஒத்துக்காதும்மா."

"டேட்டாபேஸ் ஒத்துக்கும் சார்."

சார் சாப்பிட வீட்டுக்குப் போன நேரத்தில் அவள் மாற்றிவிட்டாள். அதோடு நிற்காமல், மகள்கள் எல்லோருக்கும் சொந்த நம்பரும் கொடுத்தாள். நான் மாடிப்படியில் காவல் நின்றேன். கணினித் துறைக்கு நான் ஆற்றிய முதல் தொண்டு அதுதான்.

மகனுக்குப் பெண் பார்க்க வந்த அம்மாபேட்டை விவசாயி ஒருவர், மனைவியை இழந்தவர், டீச்சரின் விவரத்தைப் பார்த்தார். கையில் உரச் சீட்டோடு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பையனுக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். கல்யாணம் பதிவாளர் ஆபீசில் நடந்தது. டீச்சரின் மகள்தான் முதல் சாட்சிக் கையெழுத்து. வாழையிலையில் அசோகா அல்வா வைத்தார்கள். கோவிந்தராஜ் சார் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுவாரமே வாசலில் 'மறுமணத்துக்கும் அணுகவும்' என்று பலகை தொங்கியது. யோசனை தன்னுடையது என்று சார் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். பர்வீனை, கேட்காமல் கைவைத்தாள் என்று வேலையைவிட்டு நிறுத்தினார். அவள் போட்ட மாற்றத்தை மட்டும் நிறுத்தவில்லை.

"என்னைத் தூக்கிட்டாராம்" என்று படியிறங்கும்போது சிரித்தாள். "அவரு படத்துலதான் நான் முன்னாடியே கெடையாதே!"

அவள் சிங்கப்பூர் போய்விட்டதாகக் கேள்வி. செல்போனிலேயே வரன் பார்க்கும் காலம் வந்ததும் மையத்தை மூடினார்கள். உரக்கடையையும் இடித்தாயிற்று.

போன தையில் அம்மாபேட்டைக்காரர் தவறிவிட்டார் என்று தெரிந்து டீச்சருக்குப் போன் செய்தேன்.

"நல்லா இருந்தோம் தம்பி" என்றார். "ரேடியோவ நிறுத்தாமயே தூங்கிடுவாரு. அதுக்குத் தெனம் சண்ட போடுவேன். இப்ப வீட்டுல யாரும் அதப் போடுறதே இல்ல."