லைன் அக்கா ஓட்டிப் பார்த்த மசோதா

“பச்சை லைட்டு எரியுதா, மினுக்குதா? எரியறது வேற, மினுக்கறது வேற சார். கிட்ட போய்ப் பாருங்க... அது டிவியோட லைட்டு சார். அதுக்குப் பக்கத்துல, கொம்பு வெச்ச டப்பா.”

தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். இரண்டு கைகளும் கம்பத்தில் மாட்டியிருக்கும் இரும்புப் பெட்டிக்குள். வாயில் கவ்வியிருந்த வயர் வெட்டும் இடுக்கியைப் பேசுவதற்காக அக்குளுக்கு மாற்றியிருக்கிறார். பேச்சு முடிந்ததும் அது மறுபடியும் வாய்க்குப் போய்விடும். இடுப்பில் ஒரு பை, அதில் இல்லாத சாமான் இல்லை. அந்தப் பகுதியில் அவருக்கு ‘லைன் அக்கா’ என்று பெயர். அவரைவிட இருபது வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

குன்றுக்குப் பின்னால் சரிவில் அடுக்கிவைத்தாற்போல ஏழு தெருக்கள். செல்போனில் பேச முடியும், ஆனால் நெட் சிக்னல் மொட்டைமாடியில் ஒரு கோடு காட்டும். சமையலறையில் அதுவும் இல்லை. பெரிய கம்பெனிகள் வந்து பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டன. அப்படி ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில்தான் அக்கா வேலை பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கள் குழு கவனித்துக்கொண்டிருக்கிறது” என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி ஒருநாள் அலுத்துப்போய், எந்தக் குழுவும் எதையும் கவனிக்கவில்லை என்று ஒரு வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பிறகு குன்றுக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஒரே ஒரு தடித்த கேபிளை இழுத்து, அதை ஏழு தெருவுக்கும் பிரித்துக் கொடுத்தார். கூட வேலை செய்கிற நெட்டை மனிதருக்கு ‘ஏணி’ என்று பெயர். நாற்பதைத் தாண்டியவர். அந்த ‘கவனித்துக்கொண்டிருக்கிறது’ வாக்கியத்தை மட்டும் அவர் வாயில் வரவே கூடாது என்பது அக்காவின் உத்தரவு.

தெருவில் நடக்கும்போது அக்கா தரையைப் பார்ப்பதில்லை. கண் எப்போதும் மேலே, வயர்களின் மீது. இதனால் நிறுத்தியிருக்கும் சைக்கிள்களின் மீது விழுந்திருக்கிறார். காய்கறி வண்டிக்காரர் ஒருவர் அவரைத் தூரத்தில் பார்த்ததுமே மணியடிக்கப் பழகிவிட்டார். வீடுகளைக் கதவு எண்ணால் அவருக்குத் தெரியாது. ‘எலி கடிச்ச வீடு’, ‘மழை வந்தா செத்துப்போற வீடு’, ‘நாய்க்குப் பயந்து ஜன்னல் வழியா வயர் விட்ட வீடு’ என்று சொன்னால்தான் புரியும்.

ஒன்றை மட்டும் யாரிடமும் கேட்கமாட்டார். இணையத்தில் என்ன பார்க்கிறீர்கள் என்று. ஒருமுறை ஒரு தகப்பனார் வந்து, மகன் ராத்திரியில் எதையெதையோ பார்க்கிறான், எதை என்று பெட்டியில் பார்த்துச் சொல்ல முடியுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“பையன் எங்க இருக்கான்?”

“பக்கத்து ரூம்ல.”

“அப்ப கதவைத் தட்டிக் கேளுங்க. நடுவுல நான் எதுக்கு?” என்றார் அக்கா. “நான் ரோடு போட்டவ. வண்டிக்குள்ள யார் இருக்காங்கன்னு எட்டிப் பாக்கறது என் வேலை இல்ல.”

இப்படிப்பட்டவரின் வாழ்க்கையில்தான் அந்த மசோதா வந்து சேர்ந்தது. தொலைத்தொடர்புச் சீர்திருத்தம் என்று அதற்குப் பெயர். பக்கம் பக்கமாகப் போகும் அதை அக்கா பேருந்தில், படுக்கையில், கம்பத்தில் சாய்த்த ஏணியின் அடியில் என்று வாசித்து முடித்து, ஒரே மூச்சில் எல்லாருக்கும் விளக்கினார். இணையத் தளம் நடத்துகிறவர்கள் இனி கட்டணம் செலுத்தினால் அவர்கள் தளத்துக்கு வேகப்பாதை. செலுத்தாதவர்கள் எல்லாரும் மெதுவழி. அக்காவைப் போன்ற சிறிய லைன்காரர்களும் இப்படிப் பிரித்துத்தான் அனுப்ப வேண்டும். மறுத்தால் உரிமம் போய்விடும்.

“அதுல உனக்கும் ஒரு பங்கு வரும்னு போட்டிருக்கானே” என்றார் அவருடைய கணவர். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். வீட்டில் அக்கா பேசுகிற எதற்கும் எதிர்க்கட்சி.

“வரும். வாசல்ல நின்னு உன்னை விடலாம், உன்னை விடக்கூடாதுன்னு சொல்றதுக்குக் கூலி.”

“அந்த வேலை உனக்கு நல்லா வருமே. நம்ம வீட்டுல பண்றதுதான?”

“உங்க அக்காவை ரெண்டு தடவை உள்ள விட்டேன்ல. அதான் நான் பண்ண தப்பு.”

மசோதாவை ஆராயும் குழு பொதுமக்களிடம் எதிர்ப்பு மனுக்களைக் கேட்டிருந்தது. குழுவின் இணையப் பக்கத்தில் எழுதி அனுப்ப வேண்டும். கடைசி நாள் மாலை ஐந்து மணியோடு அது மூடிவிடும். மனு அனுப்பியவர்களிலிருந்துதான் விசாரணைக்கு ஆட்களைக் கூப்பிடுவார்கள். அக்கா மற்ற பகுதிகளின் சின்ன லைன்காரர்கள் எல்லாருக்கும் போன் போட்டுப் பார்த்தார். “நமக்கெதுக்குக்கா வம்பு”, “நீங்க பேசுங்க, நான் பின்னால இருக்கேன்” என்றே பதில்கள். அவர் மனு போகவில்லை என்றால், அந்த விசாரணையில் சின்ன லைன்காரர் என்று ஒருவரும் இருக்கப்போவதில்லை.

ஆனாலும் அக்கா அனுப்பாமல் வைத்திருந்தார். ஏனென்றால், எதையும் செய்து காட்டாமல் பேசினால் அவருக்கு நாக்கு எழும்பாது. கடைசி நாளன்று நண்பகலிலிருந்து மாலைவரை ஏழு தெருவிலும் மசோதாவை அமல்படுத்திக் காட்டுவது என்று முடிவு செய்தார். தெருக்காரர்களைக் கூட்டிச் சம்மதம் வாங்கி, ஒவ்வொரு மாடிப்படியிலும் ஒரு தாளும் ஒட்டினார்: ‘இன்று ஒரு பொழுது மட்டும் மசோதா உங்கள் வீட்டுக்கு வருகிறது. திட்டுவதை என்னிடமே திட்டவும்.’ மொட்டைமாடி அறையில், ஏழு தெருவுக்கும் இணைப்பைப் பிரித்துக் கொடுக்கும் தாய்ப்பெட்டியில் விதியை எழுதினார். நாலைந்து பெரிய தளங்களுக்கு வேகப்பாதை. மற்றதெல்லாம் மெதுவழி. அறையைப் பூட்டிச் சாவியை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு, நகரின் மறுகோடியில் இருக்கும் மொத்த வியாபாரக் கடைக்குக் கேபிள் வாங்கப் போய்விட்டார். திட்டுகள் போனில் வந்து சேரட்டும், அவற்றையும் மனுவில் சேர்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு.

திட்டுகள் வந்தன. முதலில் வந்தவர் தையல் மிஷின் பழுது பார்க்கும் அம்மா. எங்கோ ஒரு வெளிநாட்டுப் பெரியவர், ஆசைக்காக, பழைய மிஷின்களின் உள்படங்களை எல்லாம் ஒரு தளத்தில் போட்டுவைத்திருக்கிறார். அதைப் பார்த்துத்தான் இந்த அம்மா வேலை கற்றார்.

“ஒரு படம் மேலேருந்து கீழ இறங்கறதுக்குள்ள நான் ஒரு சட்டை தைச்சு பட்டனும் வெச்சுட்டேன்” என்றார். “ஆனா விளம்பரம் மட்டும் பறந்துக்கிட்டு வருது. அது எப்படி?”

“அவன் கட்டணம் கட்டினவன்மா.”

“அந்தப் பெரியவர் எங்க கட்டுவாரு?”

“அதைத்தான்மா அந்தக் கமிட்டிப் பக்கத்துல எழுதணும்.”

“எழுதறேன். கொஞ்சம் காரமாவே எழுதறேன்.”

எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். கடையில் கேபிள் சுருளின் மேல் உட்கார்ந்துகொண்டு, வருகிற ஒவ்வொரு வசவையும் அக்கா பூரிப்போடு போனில் தட்டித் தட்டி மனுவில் சேர்த்தார். கடைக்காரர், அவர் வீட்டில் யாரோ பரீட்சையில் தேறிவிட்டார்கள் என்று நினைத்து வாழ்த்தே சொன்னார்.

அப்போது மிஷின் அம்மாவின் போன் மறுபடியும் வந்தது.

“எழுதலாம்னு உக்காந்தேன். அந்தச் சக்கரம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு.”

“எந்தச் சக்கரம்?”

“அந்தக் கமிட்டிக்காரன் பக்கம்தான். கீழ் வீட்டுலயும் அப்படியே, மாடி வீட்டுலயும் அப்படியே. தெருவே எழுதக் காத்துக்கிட்டு இருக்கு, ஒண்ணும் போகல.”

அக்கா எழுந்து நின்றார். குழுவின் பக்கம் யாருக்கும் கட்டணம் கட்டியதில்லை. அதுவும் மெதுவழியில்தான் நிற்கிறது. ஏழு தெரு மக்களையும் கோபப்படுத்தி, ஒரே நேரத்தில் அந்த ஒற்றையடிப் பாதைக்குள் அனுப்பிவைத்தது அவரேதான்.

சரி, இங்கிருந்தபடியே தாய்ப்பெட்டிக்குள் நுழைந்து விதியை அழித்துவிடலாம் என்று போனைத் தட்டினார். அவர் போனிலும் சக்கரம் சுற்றியது. பெட்டிக்குள் நுழையும் அவருடைய சொந்த வழியும் அந்த ‘மற்றதெல்லாம்’ என்பதற்குள்தான் அடக்கம். லைன் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை இது: தன்னையே வெளியே நிறுத்தி உள்ளே தாழ் போட்டுக்கொள்வது.

ஏணியைக் கூப்பிட்டார். ஏணி அப்போதே மொட்டைமாடி அறையின் பூட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, சாவி?”

“என் இடுப்புல.”

“கீழ மெயின் சுவிட்சை அணைச்சிடவா?”

“அணைச்சா ஊர்ந்துக்கிட்டு இருக்கறதும் செத்துப்போகும். தொடாத. வந்துட்டேன்.”

கேபிளைக் கடையிலேயே போட்டுவிட்டு ஓடினார். குன்றுக்குப் பின்னால் போகும் பேருந்து புறப்படத் தயாராக நின்றது. ஓட்டுநர் இருக்கையில் எதிர்க்கட்சி.

“என்னங்க, அஞ்சு மணிக்குள்ள நான் மாடியில இருக்கணும். எங்கயும் நிக்காம நேரா விடுங்க.”

“ஏறு மொதல்ல.”

வண்டி கிளம்பியது. முதல் நிறுத்தத்திலேயே நின்றது. ஒருவர் இறங்கினார், அவருடைய பெட்டி இறங்க மறுத்தது. இரண்டாவது நிறுத்தத்திலும் நின்றது. அக்கா முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னிக்கு ஒரு நாள். ஏழு தெரு காத்துக்கிட்டு இருக்கு.”

“அந்தம்மா அவசரம்ங்கறாங்க, நேரா விடுங்களேன் டிரைவர்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“அப்ப நான் எங்க இறங்கறது? உங்க மடியிலயா?” என்றது இன்னொரு குரல்.

கணவர் கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார். “எல்லாருக்கும் ஒரே வழி, எவனுக்கும் தனிப் பாதை கிடையாதுன்னு ஒரு மாசமா என் காதுல ஓதினது யாரு மேடம்?”

அவ்வளவு பதற்றத்திலும், அக்கா கம்பியைப் பிடித்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பைக் கேட்டுக் கணவருக்கும் உதடு கோணியது. ஆனால் அடுத்த நிறுத்தத்திலும் வண்டி நின்றது. அக்கா காலி இருக்கையில் உட்கார்ந்து மனுவின் கடைசிப் பத்தியை எழுதி முடிப்பதற்குள் வண்டி குன்றின் மறைவுக்குள் நுழைந்து, போனில் நெட் போய்விட்டது. வண்டி குன்றைச் சுற்றி வந்து அவருடைய நிறுத்தத்தை அடைந்தபோது ஐந்தாக இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

“ஓடு” என்றார் கணவர். “படியைப் பாத்து ஓடு, மேல பாக்காத.”

மாடிப்படி முழுக்க ஆட்கள். கொஞ்சமாவது சிக்னல் கிடைக்குமா என்று ஆளுக்கொரு படியில் போனைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். அக்காவைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டி வழி விட்டார்கள். சிலர் திட்டிக்கொண்டே வழி விட்டார்கள். சாவி, பூட்டு, மடிக்கணினியின் திரை. விதியை அழித்தார். இப்போது எல்லாத் தளங்களும் ஒரே பாதையில். ஆனால் காத்திருந்த தெரு முழுவதும் அந்த ஒரே பக்கத்தின் மேல் ஒரே நேரத்தில் பாய்ந்தது. சக்கரம் நிற்கவில்லை, கொஞ்சம் வேகமாகச் சுற்றியது, அவ்வளவுதான்.

அக்காவும் தன் போனில் ‘அனுப்பு’ என்பதை அழுத்தினார். அதிலும் சக்கரம்.

ஏணி திரையையும் மணியையும் மாறி மாறிப் பார்த்தார். “அக்கா, உங்க போனை மட்டும் முன்னால விட்டுடவா? ஒரே ஒரு வரிதான். உங்க மனு போகலைன்னா அங்க பேச ஆளே இல்ல. இவங்க யாருக்கும் தெரியவும் தெரியாது.”

விசைப்பலகையின் மேல் ஏணியின் விரல்கள் தயாராக இருந்தன. அக்கா அந்தக் கையை மெதுவாக நகர்த்திவிட்டு, மடிக்கணினியை மூடினார். போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் அதைக் கவிழ்த்து வைத்து, மேலே உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார்.

“போயிடுச்சுக்கா” என்றது முதல் மாடி.

“எங்களதும் போச்சு” என்றது எலி கடித்த வீடு.

ஒவ்வொரு படியாகக் குரல்கள் ஏறி வந்தன. பையன் அறைக் கதவைத் தட்டத் தெரியாமல் அன்று அக்காவிடம் வந்து நின்ற அந்தத் தகப்பனார், மகனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இரண்டு விரல்களைத் தூக்கிக் காட்டினார். இரண்டு மனு.

அக்காவின் உள்ளங்கைக்கு அடியில் போன் ஒருமுறை அதிர்ந்தது. மனு போனதா, நின்றுவிட்டதா என்று அவர் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. சுவருக்கு வெளியே இன்னும் கொஞ்சம் சாய்ந்து, மூன்றாவது மாடி ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

“மிஷின் அம்மா, உங்களது போச்சா?”