துளை போட்ட அட்டை

இனிப்புநீர், அதுதான் சர்க்கரை வியாதி, என் கண்களைக் கொண்டுபோய் ஆறு வருடமாகிறது. அதற்குப் பிறகு வந்த முதல் தேர்தலில் என் வாக்கை நான் போடவில்லை, அதிகாரி போட்டார். சட்டப்படிதான். யாருக்கு என்று மெதுவாகச் சொன்னேன், அவர் முத்திரை குத்தினார். ரகசியம் காப்பவர், மரியாதையான மனிதர், எல்லாம் சரி. எனக்குத்தான் வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. முன்பின் தெரியாதவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு வருவதற்குப் பெயர் வாக்களிப்பா? அவமானமாக இருந்தது.

பிறகொரு நாள் தேக்கா சந்தையில், என்னைப் போலவே பார்வை இழந்த தோழி ஒருத்தி சொன்னாள். துளை போட்ட அட்டை ஒன்று இருக்கிறதாம். வாக்குச் சீட்டை அதற்குள் செருகி, விரலால் துளையைத் தடவிக் கண்டுபிடித்து நாமே குத்தலாமாம்.

"வாயத் தொறந்து கேளு. வெக்கப்படாத" என்றாள்.

இந்தத் தேர்தலுக்கு வாக்களிக்க வரச்சொல்லி அட்டை வந்ததும் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"எதுக்கு இந்தத் தொல்ல? போன தடவ மாதிரி ஆபீசர்கிட்டயே சொல்லிடு லா. தப்பான எடத்துல குத்திட்டா வேஸ்ட்டாயிடும்."

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அதற்காக விட்டுவிடுவேனா? பிஸ்கட் பெட்டியை வெட்டி, மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு துளை போட்டுத் தரச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார். ஒரு வாரம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பேனாவால் குத்திக் குத்திப் பழகினேன்.

தெம்பனிஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு எதிரே இருக்கும் பள்ளிக்கூடத்தில் வாக்களிப்பு. முதலில் தன் வாக்கைப் போட்டுவிட்டு வந்த அவரை வெளியே நிற்கவைத்துவிட்டு உள்ளே போனேன். குரலை வைத்துப் பார்த்தால் அதிகாரி சின்னப் பெண், தமிழ்ப் பிள்ளை.

"ஆன்ட்டி, நீங்க சொன்னா நானே மார்க் பண்ணித் தரேன், ஓகேவா?"

"வேணாம்மா. தடவிப் பாத்துக் குத்துற அட்ட இருக்குல்ல, அதக் குடு."

கொடுத்தாள். மேலே எந்தக் கட்சி, கீழே எந்தக் கட்சி என்று வாசித்துக் காட்டிவிட்டு விலகி நின்றாள். துளையைத் தேடிப் பிடித்துக் குத்தினேன். ஆனால் கடைசி நொடியில் அட்டை கொஞ்சம் நகர்ந்துவிட்டது. முத்திரை நடுவில் விழுந்ததா, விளிம்பில் பட்டதா, சத்தியமாகத் தெரியவில்லை. ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் அந்தப் பெண் பார்த்துச் சொல்லியிருப்பாள். கூப்பிட வாயெடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு சீட்டை மடித்தேன். பெட்டியின் வாயைக் கையால் தடவி, நானே உள்ளே போட்டேன்.

வெளியே வந்ததும் அவர் கேட்டார்.

"சரியா விழுந்துச்சா?"

"தெரியாது."

"இதுக்குத்தான் அப்பவே சொன்னேன்."

"நீங்க குத்துனத யாராவது எட்டிப் பாத்தாங்களா? என்னுதையும் யாரும் பாக்க வேணாம்."

அன்று மத்தியானம், இனிப்புநீர்க்காரி சாப்பிடக் கூடாத அளவுக்குச் சோறு சாப்பிட்டேன்.