பரணின் இடப்பக்கம்

இது நடந்தது. எங்கள் பக்கத்து வீட்டு ஷாத்லிக்கு. அவன் சொன்னது பாதி, அவன் மனைவி மதிலில் சாய்ந்துகொண்டு சொன்னது மீதி. நான் எதையும் சேர்க்கவில்லை. சேர்க்கிற ஆள்தான், ஆனால் இதில் இல்லை.

ஷாத்லிக்குப் பறவைப் பைத்தியம். போன குளிர்காலத்தில் இஷ்கல் ஏரியில் வெண்தலை வாத்தைப் பார்த்தேன் என்றான். பறவை பார்க்கிறவர்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம். அரிய பறவை என்றால் இன்னொருவரும் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கில் சேராது. ஷாத்லியோ தனியாகப் போயிருந்தான். அதே கூட்டத்து ஹம்தி சும்மா விடுவானா? காப்பிக் கடையில் நாலு பேர் முன்னால், "வாடா வாத்து! இன்னிக்குத் தலை என்ன கலரு?" என்றான். அன்றிலிருந்து ஷாத்லி அந்தக் கடைப் பக்கமே போகவில்லை.

இந்த ஜனவரியில் விடியுமுன்னே கிளம்பினான். ஒரே மூடுபனி. நாணலுக்குள் தண்ணீர்மேல் நிற்கும் மரப் பரணில் தடவித் தடவி ஏறி, வலது மூலையில் உட்கார்ந்து, தொலைநோக்கியில் கண்ணை வைத்தான். வைத்தால் எடுக்க மாட்டார்கள் இந்தப் பறவைக்காரர்கள். பக்கத்தில் யார் பேசினாலும் முகம் திருப்புவது கிடையாது.

7.40. பனி விலகியது. வெள்ளைத் தலை. நீல அலகு...

"நானும் பாத்துட்டேன்டா," என்றது இடப்பக்கக் குரல். கூட்டாளி மொங்கி.

"எப்ப வந்தே?"

"நேத்து சாயங்காலமே."

"இந்தக் குளிர்லயா? பைத்தியக்காரா! ஹம்திகிட்ட வந்து சொல்லுவியா?"

"என் பேரைச் சொல்லு. போதும்."

ஷாத்லிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் குரல் ஏன் இவ்வளவு தாழ்வாக வருகிறது? முழங்காலுக்கும் கீழே இருந்து...

சொட்... சொட்...

"கால் ரெண்டும் எப்படித் துழாவுது பாரு. அழகு..."

கால்?

மேலிருந்து பார்த்தால் வாத்தின் கால் தெரியாதே.

கண்ணை எடுத்தான்.

திரும்பினான்.

இடப்பக்கம்... பலகையே இல்லை.

பிய்ந்த ஆணிகள். கீழே கறுப்புத் தண்ணீர்.

எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. கரையில் ஹம்தி எதிரே வந்தான். பின்னால் நாலு பேர், கையில் கயிறு.

"மொங்கியைப் பாத்தியா? ராத்திரி வீட்டுக்கு வரல. காரு இங்கேயே நிக்குது."

பரணுக்கு நேர் கீழே, தண்ணீருக்குள் மொங்கி கிடைத்தான். மல்லாந்து, மேலே பார்த்தபடி. கண் திறந்தே இருந்தது. முந்தின நாள் சாயங்காலமே பலகை உடைந்து விழுந்து உயிர் போய்விட்டது என்றார் டாக்டர்.

ஒரு வாரம் கழித்து, காப்பிக் கடையில் ஷாத்லி நடந்ததைச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. ஹம்தி கோப்பையைக் கீழே வைத்தான்.

"மொங்கி பொய் சொல்ல மாட்டான்," என்றான்.

வாத்தைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.