சுலோஜனா அக்காவின் தொய்வுக் கார்

“என்ன, இரவு முழுக்க இருமினீரோ?” என்று கேட்டபடி சுலோஜனா அக்கா பொனற் மூடியின் மேல் கிடந்த கம்பளியை உருவி எடுக்கிறார்.

கேள்வி காருக்கு. ஐம்பத்து மூன்றாம் ஆண்டு ஒஸ்ரின் ஏ-40. அப்பா அம்பாந்தோட்டையில் கடை வைத்திருந்தபோது வாங்கியது. வீட்டு நாயையும் கனடாவிலிருக்கும் தம்பியையும் “நீ” என்று கூப்பிடுகிற அக்கா, காரை மட்டும் “நீர்” என்பார். அந்தக் கம்பளிகூட, அக்கா போர்த்திப் படுக்கட்டும் என்று தம்பி சிவகரன் அனுப்பியதுதான். ஒரு நாளாவது போர்த்தியிருப்பாரோ தெரியாது.

அக்காவுக்கு வயது ஐம்பத்தொன்று. புங்குடுதீவு மடத்துவெளியில் தனியாக இருக்கிறார். பாடசாலை நாட்களில் நான்கு ஆசிரியைகளை ஏற்றிக்கொண்டு, பாலம் கடந்து வேலணைப் பள்ளிக்கூடமொன்றில் கொண்டுபோய் விடுவது தொழில். ஹோன் அடிக்க மாட்டார். யன்னலுக்கு வெளியே கையை விட்டுக் கதவில் நாலு தட்டுத் தட்டுவார். ஆடு மாடெல்லாம் அதற்குப் பழகிவிட்டன. வளைவில் யார் என்ன கேட்டாலும் பதில் வராது. வளைவு முடிந்ததும், கேட்டவர் மறந்துபோன கேள்விக்கு விடை வரும்.

இந்த ஓட்டத்துக்கு ஒரேயொரு சட்டம்தான். ஏழரைக்கு அதிபர் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போடுவார். பிந்தி வருகிறவர் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைக்க வேண்டும். எட்டு வருடமாகத் தன் ஆட்கள் ஒருவரையும் கோட்டுக்குக் கீழே இறக்கியதில்லை என்பது அக்காவின் பெருமை.

அந்தப் பெருமைக்குத்தான் இந்த மார்கழி ஆப்பு வைத்தது. திருவெம்பாவை தொடங்கிய அன்று காலை, ஆசிரியைகளை ஏற்றும்வரை ஒழுங்காக ஓடிய கார், பாலம் தாண்டியதும் குலுங்கத் தொடங்கியது. வேகமாகப் போனால் போகிறது. மெதுவாக்கினால் இருமி, கறுப்புப் புகை கக்கி, நின்றுவிடுகிறது. அடுத்த நாளும் அப்படியே.

“குளிர். வேறை ஒண்டுமில்லை. இதுக்குத் தொய்வு” என்று அக்கா தீர்ப்புச் சொன்னார். அவருடைய அம்மாவுக்கும் மார்கழியில்தான் மூச்சு இழுக்குமாம்.

தம்பி தொலைபேசியில் கேட்டான். “அங்கை எத்தினை டிகிரி அக்கா?”

“இருபத்திரண்டு.”

அவன் சிரித்து முடிய வெகுநேரம் எடுத்தது. “இஞ்சை மைனஸ் பதினெட்டு. என்ரை கார் சத்தமில்லாமல் ஓடுது.”

“உன்ரை கார் பனிக்குள்ளை பிறந்தது. இது அம்பாந்தோட்டை வெயிலிலை வளந்தது. ரெண்டையும் ஒப்பிடாதை” என்று சொல்லி வைத்துவிட்டார்.

சுருவிலில் இருக்கும் மெக்கானிக் தயாபரனிடம் பகல் பன்னிரண்டு மணிக்குக் கொண்டுபோனால், கார் இருமாமல் பள்ளிக்கூடப் பிள்ளை போல அடக்கமாக நின்றது. அவர் பிளக் நாலையும் கழற்றிப் பார்த்தார். “அக்கா, எல்லாம் ஒரே கரி. அளவுக்கு மிஞ்சிப் பெற்றோல் குடிக்குது. சோக்கை இழுத்தபடி ஓடினனீங்களோ?”

சோக் என்பது, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது பெற்றோலைக் கூட்டிக் கொடுக்க வெளியே இழுக்கிற குமிழ்; எஞ்சின் சூடானதும் உள்ளே தள்ளிவிட வேண்டும். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “எனக்குச் சோக் பழக்க வந்திட்டீரோ? பாலம் ஏறேக்கை மறக்காமல் உள்ளை தள்ளுறனான்.”

தயாபரன் கரியைத் துடைத்துக் கொடுத்தார். மூன்றாம் நாளும் கார் நின்றது. நால்வரும் கோட்டுக்குக் கீழே.

முன் இருக்கையில் வருகிற கேதீஸ்வரி ரீச்சர் இறங்கும்போது தயங்கித் தயங்கிச் சொன்னார். “கோவியாதையுங்கோ அக்கா. நாளைக்கும் இப்பிடியெண்டால் நாங்கள் வேறை வான் பிடிச்சுத்தான் வரவேணும்.”

“ஓம், அதிலை என்ன” என்று அக்கா சிரித்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் கணக்குப் பார்த்தார். இந்த ஓட்டம் போனால் காரை வைத்திருக்க ஏலாது. கார் போனால் விடியற்காலையில் யாரோடு பேசுவது என்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

நான்காம் நாள் கம்பளிக்கு மேல் ஒரு சாக்கும் போட்டார். வழக்கம்போலத் திருவெம்பாவைப் பூசைக்குப் போய், ரீச்சர்மாருக்கும் சேர்த்துத் தூக்குச்சட்டி நிறையக் கோயிலில் பொங்கிய புக்கை வாங்கி வந்தார். பிரசாதத்தைக் காலடியில் வைக்கலாமா? இருக்கையில் இடமில்லை. மற்ற வருடங்களில் பையை வைத்திருக்கும் கேதீஸ்வரி ரீச்சரின் மடியில் இந்த முறை திருத்த வேண்டிய கொப்பிக் கட்டு. ஆகவே மற்ற நாட்களைப் போலவே தூக்குச்சட்டியைத் துணிப்பையில் போட்டு, சோக்கின் குமிழில் மாட்டினார்.

பாலம் தாண்டியதும் மாடுகள் குறுக்கே வந்தன. கார் மெதுவாகி, இருமி, நின்றது. மணி ஏழு ஐந்து. திரும்பத் திரும்பத் திறப்பைத் திருப்பிக் கிளப்பப் பார்த்தால் பெற்றோல் மணம்தான் வந்தது.

“கொஞ்சம் ஆறவிடுங்கோ அக்கா” என்றார் கேதீஸ்வரி ரீச்சர். “பசிக்குது. அந்தப் புக்கையையாவது தாங்கோ.”

அக்கா பையைக் கழற்றிக் கொடுத்தார். நால்வரும் இறங்கி, கடலைப் பார்த்தபடி உள்ளங்கையில் வாங்கிச் சாப்பிட்டார்கள். அக்கா சாப்பிடாமல் காருக்குள் ஏறினார். ஏறி இருந்தவர், சோக்கின் குமிழ் விரலளவு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார்.

“இதை நான் தள்ளினனானே!”

தள்ளினார். திறப்பைத் திருப்பினார். நாலைந்து முறை செருமிவிட்டு, கார் சீராக உறுமத் தொடங்கியது. ஓடி வந்து ஏறினார்கள். மிச்சப் புக்கையை அக்கா திரும்பவும் குமிழில் மாட்டினார். முதலாவது பள்ளத்தில் பை குலுங்கியது. குமிழ் கொஞ்சம் வெளியே வந்தது. இரண்டாவது பள்ளத்தில் இன்னும் கொஞ்சம். கார் இருமியது. ஐந்து பேரும் பையையே பார்த்தார்கள்.

கேதீஸ்வரி ரீச்சர்தான் முதலில் வாய் திறந்தார். “அக்கா, உவருக்குத் தொய்வில்லை. புக்கைதான் நெஞ்சை அடைச்சிருக்கு!”

பின் இருக்கையில் சிரிப்பு வெடித்தது. அக்கா சிரிக்கவில்லை. பையைக் கழற்றிக் கொப்பிக் கட்டின் மேல் வைத்து, “பிடியுங்கோ” என்றார். பிறகு குமிழை உள்ளே தள்ளிவிட்டு மிதித்தார். ஏழு இருபத்தேழுக்குப் பள்ளிக்கூட வாசல்.

நால்வரும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். சற்று நேரத்தில் கேதீஸ்வரி ரீச்சர் மட்டும் திரும்பி வந்தார். “நாலு பேரும் கோட்டுக்கு மேலை, அக்கா!”

அக்கா பெருமூச்சு விட்டார். கண் கலங்கியதை மறைக்க, காருக்கு முன்னால் எதையோ தேடுவதுபோலப் பார்த்தார்.

ரீச்சர் யன்னலில் சாய்ந்தார். “அது சரி, தயாபரனுக்கு என்னண்டு சொல்லப் போறியள்? குளிரோ, புக்கையோ?”

வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அக்காவின் கழுத்தில் வியர்வை ஓடியது. அவர் ரீச்சரை ஒருமுறை பார்த்துவிட்டு, குளிருக்கு அடைப்பவர்போலத் தன் பக்கத்து யன்னல் கண்ணாடியை மெல்லச் சுற்றிச் சுற்றிக் கடைசிவரை உயர்த்தி மூடினார்.