சின்னத் தாழி

ஸ்கேன் எடுக்கும் டாக்டர் சாயங்காலம்தான் வருவார் என்று, கடலூருக்குப் போய் இறங்கிய பிறகுதான் சொன்னார்கள். போன் பண்ணிக் கேட்டுக்கொண்டு கிளம்பலாம் என்று சிதம்பரத்திலேயே நான் சொன்னேன். என் பேச்சை யார் கேட்டது? 2007 மே மாதம், மண்டையைப் பிளக்கிற வெயில். ஆறு மாத வயிற்றோடு நானும், என் கணவரும், மாமியாரும் தெருவில் நின்றோம். "மியூசியத்துல ஃபேன் இருக்கும், வாங்க" என்றார் கணவர். அறிவை வளர்த்துக்கொள்ள நாங்கள் அங்கே போகவில்லை.

அந்தக் குழந்தை நல்லபடியாகப் பிறந்து இன்றைக்கு என்னையே எதிர்த்துப் பேசுகிறது. அதனால் ஸ்கேனை நினைத்து யாரும் கவலைப்பட வேண்டாம். என் கவலை அதற்கு முந்தையது. அந்த மே மாதத்துக்கு இரண்டு வருஷம் முன்னால், எட்டாம் மாதத்தில், எனக்கு ஒரு குழந்தை இறந்தே பிறந்தது. மயக்கம் தெளிந்து நான் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இறந்த பிள்ளையின் முகத்தைப் பெற்றவள் பார்த்தால் ஏக்கம் பிடித்துக்கொள்ளும், அடுத்தது தங்காது என்பார்கள் எங்கள் பக்கத்தில். அதனால் எனக்குக் காட்டவில்லை. ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லவில்லை. கேட்டால் மாமியார் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார், கணவர் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். வீட்டில் உள்ள பாத்திரத்தையெல்லாம் போட்டு உடைத்தாலும் இவர்கள் வாய் திறக்கப் போவதில்லை என்று தெரிந்து, கேட்பதையே விட்டிருந்தேன்.

என் கணவருக்கு எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டால் போதும், உரக்கப் படித்தாக வேண்டும். பஸ்ஸில் 'புகை பிடிக்காதீர்' என்பதைக்கூட விடமாட்டார். கற்சிலைகளின் முன்னால் நின்று ஒவ்வொரு பலகையாகப் படித்தார். அடுத்த அறையில் பஞ்சு அடைத்த பறவைகள், பாட்டிலில் பாம்புகள். ஒரு ஜாடியில் இரண்டு தலையோடு ஓர் ஆட்டுக்குட்டி மிதந்தது. கணவர் "இரண்டு தலை" வரைக்கும்தான் படித்திருப்பார். மாமியார் பாய்ந்து வந்து முந்தானையால் என் முகத்தை மூடினார்.

"வாயும் வயிறுமா இருக்கறவள இங்கயாடா இட்டுக்கினு வருவ? அறிவு இருக்குதா உனக்கு?"

"ஃபேன் இருக்குன்னுதாம்மா..."

முந்தானைக்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியார் அப்படியே செக்குமாட்டை நடத்துவது மாதிரி என்னை நடத்திக்கொண்டு போய், வெறும் பானைகள்தானே என்று அடுத்த அறையில் முந்தானையை எடுத்தார்.

அவை வெறும் பானைகள் இல்லை, அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகள். பெரியவற்றில் ஓர் ஆள் குந்தி உட்காரலாம். ஓரத்தில் ஒன்று மட்டும் தவலை அளவுக்குத்தான் இருந்தது. பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு மண் கிண்ணம். கணவர் பழக்க தோஷத்தில் ஆரம்பித்தார்: "குழந்தையை அடக்கம் செய்த..." அதோடு நிறுத்திக்கொண்டார். எனக்குத் தெரிந்து அவர் பாதியில் விட்ட பலகை அது ஒன்றுதான்.

இதற்கும் முந்தானை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மாமியார் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பவே கிண்ணம் வெச்சிருக்காங்க பாரு" என்றார்.

"பாலுக்காகத்தான் இருக்கும், அத்தை."

பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"நானும் பால் ஊத்தித்தான் பொதைக்கச் சொன்னேன். புவனகிரி ஆத்தங்கரையில. என் பொடவையிலதான் சுத்தி வெச்சேன். பொண்ணு. தல நெறைய முடி."

கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். காவலர் எட்டிப் பார்த்தார். "வெயிலு, தல சுத்துது" என்று அவரிடம் சொல்லிவிட்டு, கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"யாரு மாதிரி இருந்தா?" என்று கேட்டேன்.

"உன்ன மாதிரிதான். கோவக்கார மூஞ்சி."

அழுகையிலேயே சிரித்துவிட்டேன். இரண்டு வருஷக் கோபம் அந்த நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். எவ்வளவு எளிதாகச் சொல்லியிருக்கலாம் என்று கோபம் ஜாஸ்திதான் ஆயிற்று. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. எனக்கு ஒரு பெண் இருந்தாள்.

வெளியே வந்ததும், தாழியைப் பார்த்த தீட்டு என்று எங்களைக் குழாயடியில் கால் கழுவ வைத்து, தலையில் தண்ணீர் தெளித்த பிறகுதான் மாமியார் ஆட்டோவில் ஏறவிட்டார். அந்த விஷயத்தில் அவர் மாறவேயில்லை.

ஸ்கேன் அறை வாசலில் நர்ஸ் கேட்டார்: "மொதல் கொழந்தையாம்மா?"

யார் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லச் சொல்லி என்னைப் பழக்கி வைத்திருந்தவர் மாமியார்தான். நான் தலையாட்டப் போனேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"ரெண்டாவதும்மா. மொதலு பொண்ணு."