ஸ்டெல்லா மிஸ்ஸின் முன் வரிசை அலமாரி

ஸ்டெல்லா மிஸ் போய்விட்டார். எங்கள் ஸ்கூல் லைப்ரரியன். இன்று காலை, காட்டூர் வீட்டில்... ஹார்ட் அட்டாக்.

அரை மணி நேரத்தில் ஸ்கூல் பேஜில் போஸ்டர் வந்துவிட்டது. மேலே லோகோ, நடுவில் மிஸ் போட்டோ, கீழே அட்மிஷனுக்கு போன் நம்பர்! சீ... சாவிலுமா விளம்பரம்?

அதில் ஒரு வரி: "நூலகத்தைக் கண்ணாடி போலப் பேணிக் காத்தவர்." படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஏனென்று சொல்கிறேன்.

நான் அதே ஸ்கூலில் மேத்ஸ் டீச்சர். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும் லைப்ரரியில்தான் பையை வைப்பேன்.

கதை புக் விற்கிறவர்கள் வந்தால் மிஸ் அட்டையைப் பார்க்கவே மாட்டார். புத்தகம் என்றாலே ஓடுகிற பிள்ளையாகப் பார்த்துக் கூப்பிட்டு, உயரமான ஸ்டூலில் உட்கார வைத்து, கையில் ஒன்றைக் கொடுப்பார்.

"மூஞ்சியப் பாக்காதீங்க டீச்சர், நமக்காக நடிக்கும். கால் ஆட்டுறது நிக்குதான்னு பாருங்க."

கால் நின்றால்தான் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுப்பார். நேர்மை, ஒழுக்கம், பணிவு என்று பளபளவென வந்த ஒரு செட்டுக்கு ஒரு கால்கூட நிற்கவில்லை. கரஸ்பாண்டென்ட் அதைத்தான் வாங்கினார்.

மிஸ் அதைப் பின்னால் தள்ளிவிட்டார். முன் வரிசையில் கிழிந்தது, குழம்புக் கறை பட்டது, அட்டையே இல்லாதது...

"எது ரொம்பக் கிழிஞ்சிருக்கோ அதத்தான் படிக்காத பிள்ளைங்களுக்குக் கொடுப்பேன். அத்தன பேர் விடாம படிச்சிருக்காங்கன்னு அர்த்தம்ல?"

ஆறாம் வகுப்பு ஷப்னம் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஒருநாள் ஒரு பேய்க் கதை புக்கோடு ஓடி வந்து டேபிளில் ஓங்கி அடித்தாள்.

"மிஸ், கடைசி நாலு பக்கத்தக் காணோம்! எவ கிழிச்சா?"

மிஸ்ஸுக்கு வாயெல்லாம் பல். "கோவத்தப் பாத்தீங்களா டீச்சர்? முழுசாப் படிச்சிருக்கா!" பிறகு அவளிடம், "மீதிய நீயே எழுதிட்டு வா. ஒட்டிடலாம்."

எழுதிக்கொண்டு வந்தாள். நான்கு பக்கம், முழுக்கத் தப்பும் தவறுமாக. மிஸ் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாமல் ஒட்டி, முன் வரிசையில் வைத்தார்.

அடுத்த மாதம் இன்ஸ்பெக்ஷன். மிஸ் லீவில் இருந்தார். "லைப்ரரியக் கொஞ்சம் பளிச்சுனு பண்ணிடுங்க டீச்சர்" என்றார் கரஸ்பாண்டென்ட்.

பண்ணினேன். முன் வரிசை மொத்தத்தையும் சாக்கில் கட்டி மலைக்கோட்டைப் பக்கம் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பினேன். யாரும் தொடாத அந்தச் செட்டைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கிப் பூட்டினேன். வந்தவர்கள் பாராட்டினார்கள். நானும் பல்லிளித்துக்கொண்டு நின்றேன். த்தூ.

மிஸ் திரும்பி வந்து அலமாரியைப் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

மதியம் ஷப்னம் தன் தங்கையையும் இழுத்துக்கொண்டு வந்தாள். "மிஸ், நான் எழுதுன புக் எங்க? இவளுக்குக் காட்டணும்."

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"எட்டாங் கிளாஸ் அக்கா ஒருத்தி எடுத்துட்டுப் போயிருக்காம்மா" என்றார் மிஸ். "படிச்சிட்டுக் கொடுக்கட்டும்."

பொய். எனக்காக.

அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த வருஷம் முழுக்க வாரா வாரம் வந்து, "அக்கா முடிச்சாச்சா மிஸ்?" என்று கேட்டாள்.

போஸ்டரில் மிஸ்ஸுக்குப் பின்னால் பளபளவென்று தெரிகிறதே ஒரு அலமாரி... அது நான் பூட்டியது. அவர் தலையில் அதைக் கட்டாதீர்கள்.

ஷப்னம் இப்போது காலேஜ் போகிறாள். சற்று முன் அந்தப் போஸ்டருக்குக் கீழே எழுதியிருக்கிறாள்: "மிஸ், அந்த அக்கா கடைசி வரைக்கும் என் புக்க முடிக்கவே இல்லையா?"

ஷப்னம்... எந்த அக்காவும் எடுக்கவில்லைம்மா. நான்தான் தூக்கிப் போட்டேன்.

போயிட்டு வாங்க மிஸ்.